மூன்றாம் தேதி ஆள்காட்டி

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வடதேசச் சிற்றூரான ஹல்லாநேவாவின் கூரைகள் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. மார்ச் ஆறாம் தேதி. மூன்று மாதமாகக் கல்லாய்க் கிடந்த பனி ஒரே இரவில் கஞ்சியாகி, சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வீடு வீடாகப் போய்ப் பால் சேகரிக்கும் டேங்கரை ஓட்டும் ரைலி மந்திலா வழக்கம்போல ஜன்னல் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தாள். வெளியே எந்தக் குளிர் அடித்தாலும் அந்த விரற்கடை திறந்துதான் இருக்கும். பறவை கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. "ஊரையே ஹீட்டர் போட்டுச் சூடாக்குற ஒரே டிரைவர் நீதான்" என்று பால் பண்ணையில் கேலி செய்வார்கள்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மே மாதத்தோடு ஓய்வு. முப்பத்தைந்து வருடமாக அதே பாதை, ஒருநாள் விட்டு ஒருநாள் அதே வீடுகள், அதே பால். அந்தப் பாதையில் எந்த மரத்தில் எந்த வருடம் எந்தப் பறவை உட்கார்ந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்.

ஒன்பது மணிக்கு ஹெல்வி புக்கிலாவின் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். முன்வாசல் முழுக்கப் பனிக்கட்டி, அதன்மேல் ஓர் அங்குலத் தண்ணீர். அதில் டேங்கரை ஏற்றினால் நேராகக் கிணற்றில்தான் போய் நிற்கும். அதனால் இத்தனை வருடத்தில் முதல்முறையாக வண்டியைச் சுற்றி ஓட்டி, மாட்டுக்கொட்டகையின் பின்புறம், வயலைப் பார்த்தபடி நிறுத்தினாள். பின்கதவு வழியாகக் குழாயை இழுத்துப் பால்தொட்டியில் மாட்டிவிட்டு, பம்பைப் போடப் போன நேரத்தில்தான் அது கேட்டது.

"பீ...யூவீ!"

ரைலியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆள்காட்டி! உச்சியில் கொண்டை வைத்த, கறுப்பும் வெள்ளையுமான ஆள்காட்டி, தெற்கிலிருந்து முதலில் வரும் வயல் பறவை. மார்ச் ஆறிலேயா? வயலைப் பார்த்தாள். எங்கும் வெள்ளை. ஆவி பறக்கும் எருக்குவியல் ஒன்று, வாய்க்கால் ஓரமாகப் பனி விலகிய கறுப்பு மண் ஒரு பட்டை. அங்கே ஒன்றும் அசையவில்லை.

"பீ...யூவீ!"

இம்முறை தலைக்கு நேர் மேலே. நிமிர்ந்தாள். கொட்டகையின் காற்றுப்போக்கிக் குழாய்மேல், சூடான ஆவிக்கு நடுவே, ஒரு புள்ளிமைனா உட்கார்ந்திருந்தது. தொண்டை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு சிறகையும் உதறி உதறி, ஆள்காட்டியின் குரலை அச்சு அசலாக இன்னொரு தடவை எடுத்துவிட்டது. அது முடிந்ததும் கதவு கிறீச்சிடும் சத்தம். அதற்குப் பிறகு டேங்கர் பின்னால் வரும்போது போடும் 'பிப் பிப் பிப்'.

ரைலி வாய்விட்டுச் சிரித்தாள். புள்ளிமைனா கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அது ஊருக்கு வருவது மார்ச் கடைசியில். இப்போது அதற்கு இங்கே என்ன வேலை?

"ஹெல்வி! இங்க வா, சீக்கிரம்!"

"என்ன, குழாய் கழண்டுடுச்சா?" ஹெல்வி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்தாள். எழுபது வயது. கணவர் எய்னோ போனபிறகும் இருபது மாடுகளை விடாமல் வைத்திருப்பவள்.

"அது யாரு, குழாய் மேல?"

"அதுவா? அது நம்ம ஆளு. குளிர்காலம் பூரா இங்கதான் கெடக்கும். கொட்டாய்ச் சூடு வருதுல்ல, அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். குளிர் ஜாஸ்தியானா உள்ள பூந்து மாட்டுத் தீனியைத் தின்னும். வாயே திறக்காது. பனி இளகுச்சுன்னாத்தான் கச்சேரி."

"இந்த வருஷம் மட்டுமா?"

"எந்த வருஷமும்தான். ஒண்ணு ரெண்டு தெற்கே போகாம நின்னுடும். எய்னோ இருந்தப்பவே இருந்துச்சுங்க. ஒரு வருஷம் ஒண்ணு, அவரு நாயைக் கூப்பிடுற விசிலைக் கத்துக்கிட்டு நாயை பைத்தியமாவே ஆக்கிடுச்சு."

"அது எந்த வருஷம் ஹெல்வி?"

"ஏன், அதுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போறியா?"

ரைலி குழாய்மேல் இருந்த மைனாவையே பார்த்தாள். அவள் சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது.

*

ஹல்லாநேவா நூலகத்தில், நுழைந்தவுடன் இடதுபுறச் சுவரில், ஒரு கறுப்புப் பலகை தொங்குகிறது. பன்னிரண்டு பறவைகளின் பெயர்கள். ஒவ்வொன்றும் இந்த ஊரில் இதுவரை வசந்தத்தில் மிகச் சீக்கிரமாகத் தென்பட்ட தேதி, கண்டவர் பெயர். வெள்ளை பெயின்ட்டில் எழுதியது. வானம்பாடி பள்ளித் தலைமையாசிரியருடையது. வாலாட்டி வன அதிகாரியுடையது. கொக்கு பாதிரியாருடையது. நான்காவது வரி இப்படி: 'ஆள்காட்டி, மார்ச் 3, 1990, ர. மந்திலா.'

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ரைலியின் பாதி வாழ்க்கை இருந்தது. மரம் வெட்டுகிறவரின் மகள். பதின்மூன்று வயதில் பள்ளி முடிந்துவிட்டது. இருபத்தேழு வயதில் லாரி உரிமம் வாங்கி, பால் பண்ணையின் முதல் பெண் டிரைவரானதிலிருந்து, வருடக்கணக்கில் ஆண்கள் அவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் வெளியே வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பறவைப் புத்தகம் ஒன்றைப் பழைய பொருள் விற்கும் சந்தையில் எடுத்தாள். கரடி தின்றது போக மிச்சம் மாதிரி இருந்தது. அதை டேங்கரின் முன்கண்ணாடி ஓரம் வைத்து, வீட்டுக்கு வீடு பால் ஏறும் நேரத்தில் படித்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டாள்.

தொண்ணூறாம் வருடம், இதேபோல ஒரு பனி இளகலில், இதே ஹெல்வி வீட்டு முன்வாசலில், பம்பு இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரலை இரண்டு முறை கேட்டாள். ஓடிப்போய் வயலைப் பார்த்தாள். காணவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள். அந்த வருடம் அது பெரிய சண்டையாகிப் போனது. பறவைச் சங்கத்தின் மூன்று பேர் குழுவுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் தௌனோ ரின்னே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "கண்ணால பாத்தியா?"

"கேட்டேன்."

"அதான் கேக்குறேன், பாத்தியா?"

"உங்க கடைக்கு வர்ற கிழவிங்க இருமலைக் கேட்டே இது எந்த இருமல்னு நீங்க சொல்றதில்ல? அதே மாதிரிதான்."

அறை சிரித்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று என்று பதிவு ஏறியது. எதிர்த்த அந்த ஒன்று தௌனோ. மார்ச் மூன்றில் புள்ளிமைனாவே ஊரில் கிடையாது என்பதால் 'மைனாவின் போலிக்குரலா?' என்று அவர்கூடக் கேட்கவில்லை. ஊர்ப் பத்திரிகையில் ரைலியின் படம் வந்தது, டேங்கரோடு. அதற்கப்புறம் அவள் வண்டியை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. ஏழெட்டு வருடத்தில் அவளையே குழுவில் சேர்த்தார்கள். பேராசிரியர்களுக்குக்கூடக் கடிதம் எழுதும் தௌனோவின் பக்கத்து நாற்காலியில் பால் வண்டிக்காரி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து என்ன செய்தாள்? மற்றவர்களைக் கேள்வி கேட்டாள். "கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஹெல்வி மூடுபனியில் கொக்கின் குரல் கேட்டதாக எழுதிக் கொடுத்தபோது, பாதிரியாரின் தேதியை முந்தியிருக்க வேண்டிய அந்தக் கொக்கை, 'பார்க்கவில்லை' என்று திருப்பி அனுப்பியது ரைலிதான். அன்றிலிருந்து ஹெல்வி வீட்டில் காபி வரும், கூட ஏலக்காய் பன் வராது.

இது போதாதென்று இந்த வருடம் சங்கத்துக்கு முப்பதாவது ஆண்டு. ஊர் எல்லையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெரிய பலகை தயாராக இருந்தது. கொண்டை விரித்த ஆள்காட்டிப் படம், கீழே 'ஹல்லாநேவா – மார்ச் 3'. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் அதைத் திறந்து வைக்க வேண்டியவள் ரைலி.

*

அன்று மாலை வீட்டில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினாள். தொண்ணூறாம் வருட ஏட்டில் பால் கறையும் டீசல் கறையுமாக ஒரு பக்கம். அவளுடைய கையெழுத்துதான்: 'ஆள்காட்டி. இரண்டு முறை. கொட்டகைக் கூரைப் பக்கமிருந்து. பார்க்கவில்லை.'

கூரைப் பக்கமிருந்து.

அவள் அதைப் பலமுறை படித்தாள். பதினேழு வருடமாக அவள் எல்லோரிடமும் சொல்லிவந்தது வேறு: 'வயல் பக்கமிருந்து கேட்டது.' குழுவிடமும் அதைத்தான் சொன்னாள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லும்போது அப்படித்தான் ஞாபகம் வந்தது. ஆள்காட்டி வயல் பறவை, குரல் வயலிலிருந்துதானே வரும்? சொல்லச் சொல்ல அந்தக் குரல் கூரையை விட்டு இறங்கி வயலுக்கு நடந்து போய்விட்டது. தனக்கே தெரியாமல் தானே அதைக் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

கணவர் எர்க்கி அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, மைனாவாவே இருக்கட்டும். பறவைக்கு இதுல ஏதாவது நஷ்டமா?"

"இல்ல."

"ஊருக்கு ஒரு தேதி கெடச்சுது. உனக்கு ஒரு பேர் கெடச்சுது. இன்னும் ரெண்டு மாசத்துல வண்டியையும் பிடுங்கிடுவாங்க. இதையாவது விட்டு வையேன்."

"அந்தப் பேரை வெச்சுக்கிட்டுத்தான் எர்க்கி நான் மத்தவங்களைத் திருப்பி அனுப்பினேன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. குழுவுலேர்ந்து விலகிக்கோ. பலகை பாட்டுக்குத் தொங்கட்டும்."

"விலகினா மட்டும் அந்தக் குரல் கூரையை விட்டு எறங்கிடுமா?"

எர்க்கி அடுப்புக் கதவைச் சாத்தினார். "நீ முடிவு பண்ணிட்ட. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?"

"கேக்கல. சொல்லிக்கிட்டு இருக்கேன்."

*

புதன்கிழமை டேங்கரை மருந்துக்கடை வாசலிலேயே நிறுத்தினாள். இரண்டு கார்கள் வெளியே வரமுடியாமல் ஹாரன் அடித்தன. தௌனோ ரின்னே ஏட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வரியைப் படித்தார். புள்ளிமைனாக் கதையையும் கேட்டார். கேட்டதும் அவர் முதலில் சொன்னது இதுதான்:

"ஹெல்வி வீட்டுல வருஷா வருஷம் குளிர்காலப் புள்ளிமைனா இருக்கா? இந்தப் பொம்பளை ஒரு வார்த்தை சொன்னாளா பாரு! மாவட்டத்துலயே வேற எங்கயும் கெடையாது!"

"மருந்துக்கடைக்காரரே, நான் வந்த விஷயம் அது இல்ல. பலகையிலேர்ந்து என் வரியை எடுங்க."

"முடியாது."

"ஏன்?"

"விதி. பதிவை ஏத்த சாட்சி வேணும். இறக்கவும் சாட்சி வேணும். நீ ஆள்காட்டியைப் பாக்கல, சரி. அந்த வருஷம் அங்க மைனா இருந்ததைப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம்? நெஜமான ஆள்காட்டி கூரைக்கு மேல பறந்து போயிருக்கலாம். ஒண்ணு நீ பாக்காத ஆள்காட்டி, இன்னொண்ணு நீ பாக்காத மைனா. இதுல எதை நான் நம்பறது?"

ரைலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மருந்துப் பெட்டிகளை நேராக அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகள்.

"பதினேழு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதான் எதிர்த்தீங்க."

"எதிர்த்தேன்."

"இப்ப ஏன் பிடிச்சு வெச்சுக்கிறீங்க?"

தௌனோ கடைசிப் பெட்டியையும் நேராக்கினார். பிறகு, "உன் வரியை எடுத்தா அங்க யார் பேர் ஏறும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

ரைலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், மார்ச் ஒன்பதாம் தேதி, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வயலில் ஆள்காட்டியைப் பார்த்தவர் தௌனோ. அவளுக்கு ஆறு நாள் பின்னால். அதனால் பலகையில் இடமில்லை. முப்பது வருடமாகச் சங்கத்தைச் சுமக்கிற மனிதர். பன்னிரண்டு வரியில் ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது.

"ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் தௌனோ. "மருந்துக்கடைக்காரன் பதினேழு வருஷம் காத்துக்கிடந்து, பால் வண்டிக்காரி ஓய்வு பெறுற நேரமாப் பாத்து அவ பேரை அழிச்சுத் தன் பேரை எழுதிக்கிட்டான்னு பேசுவாங்க. எனக்கு அந்த வரி வேண்டாம்."

"நீங்க அதைக் கண்ணால பாத்தீங்களா?"

"என்ன கேள்வி இது? பாத்தேன். கொண்டையோட. பத்து நிமிஷம்."

"அப்ப அது உங்க இஷ்டம் இல்ல" என்று ரைலி ஏட்டை எடுத்துக்கொண்டாள். "சாட்சிதானே வேணும்? கொண்டு வரேன்."

*

வியாழக்கிழமை மறுபடி ஹெல்வியின் பண்ணை. இளகல் நிற்கவில்லை. கொட்டகைக் கூரையிலிருந்து பனி பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. சமையலறை மேசையில் காபி வந்தது. பன் வரவில்லை.

ரைலி சுற்றி வளைக்கவில்லை. "அந்த நாய் விசில் விஷயம். அது எந்த வருஷம்னு யோசிச்சுச் சொல்லு. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல வந்து சொல்லணும்."

"எதுக்கு?"

சொன்னாள். ஹெல்வி காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி கேட்டாள். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன் ரைலி. நான் என் காதால கேட்ட கொக்கை நீ நம்பல. இப்ப என் ஞாபகத்தை மட்டும் நம்புவியா?"

"நம்பாம கேப்பேனா?"

"அப்ப அன்னைக்கு நம்பாம இருந்தது?"

"நீ பொய் சொல்றேன்னு நான் அன்னைக்கும் நெனைக்கல. கேட்டா மட்டும் போதாதுன்னு சொன்னேன். அது சரிதான். இப்பவும் சரிதான். ஆனா அதைச் சொல்றதுக்கு எனக்கு அன்னைக்கு யோக்கியதை இல்ல. என் வரியும் அதே மாதிரி வரிதான்."

"அதாவது நீ என் கொக்கைக் கொடுக்க வரல. உன் ஆள்காட்டியைத் தொலைக்க வந்திருக்க."

"ஆமா."

"அதுக்கு நான் வேற கூட வரணும்."

"ஆமா."

ஹெல்வி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "முழுப் பைத்தியம்" என்றாள். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். "எய்னோ காட்டுல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரே, அந்தக் குளிர்காலம். ஆறு வாரம் படுக்கை. இவரு அந்த அறையில படுத்திருக்காரு, விசில் கூரை மேலேர்ந்து வருது, நாய் கொட்டாயைச் சுத்திச் சுத்தி ஓடுது. அவரு படுத்துக்கிட்டே கத்துறாரு, 'ஏய், நான் செத்துட்டேன்னு நெனச்சு அது ஆவியைத் தேடுதுடீ'ன்னு. இளைய மக சர்ச்சுல கன்ஃபர்மேஷன் எடுத்த வருஷம் அது. தொண்ணூறு."

"நிச்சயமா?"

"அவ உடுப்புக்கு நான்தான் தைச்சேன். கால் ஒடிஞ்ச மனுஷனைப் பாத்துக்கிட்டு, இருபது மாட்டையும் கறந்துக்கிட்டு, வெள்ளை உடுப்பும் தைச்சேன். அந்த வருஷத்தை மறப்பேனா?"

*

ஞாயிறு பிற்பகல் ஊர்க்கூடத்தில் அறுபது பேர். எல்லோருடைய பனிக்காலணிகளும் வாசலில் தண்ணீர்க் குட்டையில் மிதந்தன. மேசைமேல் பழைய பால் கேன் ஒன்று இருந்தது. இந்த வருட ஆள்காட்டி என்றைக்கு வரும் என்று ஒவ்வொருவரும் தேதி எழுதி அதில் சீட்டு போடுவது வழக்கம். சரியாகச் சொன்னவருக்குப் பின்னல் ரொட்டி ஒன்று பரிசு. ரைலி தன் சீட்டைப் போட மனமில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாள்.

தௌனோ தலைவர் நாற்காலியில். நூலகப் பலகையைக் கொண்டுவந்து பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். முப்பது வருடக் கதை எல்லாம் பேசி முடித்து, "இனி நெடுஞ்சாலைப் பலகை திறப்பு" என்று அவர் சொல்லும்போது ரைலி எழுந்தாள்.

பனிச்சறுக்கலில் டேங்கர் ஒருபக்கமாகப் போகும்போது ஸ்டியரிங்கை இறுக்காமலும் விடாமலும் பிடிக்கவேண்டும். தன்னை அப்படிப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்கறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம் இருக்கு. நாலாவது வரி."

ஏட்டிலிருந்து அந்த ஒரு வரியைப் படித்தாள். 'கூரைப் பக்கமிருந்து' என்ற இடத்தில் நிறுத்தி, "நான் உங்க எல்லார்கிட்டயும் வயல் பக்கம்னு சொன்னேன். இங்க அப்படி இல்ல" என்றாள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "விடு ரைலி, பெயின்ட் காஞ்சு போச்சு!" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. ஹெல்வியைக் கூப்பிட்டாள்.

ஹெல்வி நடுவில் வந்து நின்றாள். இரண்டு விரலை வாயில் வைத்து எய்னோவின் விசிலை அடித்தாள். கூடம் அதிர்ந்தது. வெளியே காரில் கட்டியிருந்த யாருடைய நாயோ குரைத்தது. கால் ஒடிந்த கதை, ஆவி கதை, வெள்ளை உடுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்துச் சிரித்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஹெல்வி, இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றார் தௌனோ, மனம் தாங்காமல்.

"யாரும் கேக்கல. நானா வந்து சொன்னா, கண்ணால பாத்தியான்னு கேப்பீங்க. மைனாவைத் தெனமும் கண்ணாலதான் பாக்குறேன், ஆனா அது உங்களுக்குப் பறவையாத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தௌனோ மேசையைத் தட்டி அமைதி கேட்டார். "சரி. அந்த வருஷம் மைனா இருந்துச்சு. அதனால ஆள்காட்டி இல்லன்னு ஆயிடுமா?"

"ஆகாது" என்றாள் ரைலி.

"அப்புறம்?"

"மருந்துக்கடைக்காரரே, இதே மாதிரிப் பதிவை இன்னைக்கு வேற ஒருத்தர் கொண்டு வந்து நம்ம மேசையில வைக்கிறாரு. கேட்டாரு, பாக்கல. கூரைப் பக்கம். கூரையில ஆள்காட்டி மாதிரி கத்துற மைனா ஒண்ணு. நீங்களும் நானும் அதுல என்ன எழுதுவோம்?"

தௌனோ தலை குனிந்தார். எழுதுவது என்ன என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பாதிப் பேர் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

"ஏற்க இயலாது" என்றார் கடைசியில்.

"எழுதுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. ரைலியே பலகைக்குப் போனாள். வீட்டிலிருந்து பெயின்ட் கழுவும் எண்ணெயும் துணியும் கொண்டுவந்திருந்தாள். எர்க்கி தகர டப்பாவின் மூடியைத் திறந்து கொடுத்தார். தேய்க்கத் தேய்க்க முதலில் 'மந்திலா' போனது, அப்புறம் 'ர', அப்புறம் 3. பதினேழு வருடத்துப் பெயின்ட் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இன்னும் தெரிந்தது. அதன்மேல் அவளே தூரிகையால் எழுதினாள்: 'மார்ச் 9, 2002, த. ரின்னே.' அவள் எழுத்து கோணலாக இருந்தது. தௌனோ எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமல் கண்ணுக்கே இறக்கி, தன் பெயரைப் படித்தார்.

"ன்-னுக்குக் கால் கோணல்" என்றார்.

"பரவாயில்ல, பாத்தது நேராத்தான் இருக்கு" என்றாள் ரைலி.

நெடுஞ்சாலைப் பலகையை அன்று திறக்கவில்லை. மறுவாரம் ஒருவர் ஏணியோடு போய் 3-ஐ 9 ஆக்கினார். அதன் அருகில் போனால் 9-இன் வயிற்றில் பழைய 3 தெரியும் என்று டிரைவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

*

பதினேழாம் தேதி, சனிக்கிழமை, ஹெல்வியின் பண்ணையில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் காபியோடு ஒரு தட்டில் ஏலக்காய் பன் இருந்தது. ரைலி அதை எடுத்துக் கடித்தாள். ஹெல்வி தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வெளியே வந்து பம்பை அணைத்ததும் காற்றுப்போக்கிக் குழாய்மேலிருந்து மைனா ஆரம்பித்தது. "பீ...யூவீ!"

"வாயை மூடு. உன்னால பட்டது போதும்" என்றாள் ரைலி.

அது வாயை மூடியது. ஆனால் குரல் மறுபடி கேட்டது. இம்முறை தூரத்திலிருந்து, கொஞ்சம் கரகரப்பாக.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அது வயல் பக்கம்" என்றாள் ஹெல்வி.

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்."

ரைலி வயலுக்குள் இறங்கினாள். மேலே பனி, கீழே தண்ணீர். நான்காவது அடியில் முழங்கால்வரை புதைந்தாள். காலணிக்குள் பனித்தண்ணீர் கொப்பளித்தது. பின்னாலிருந்து ஹெல்வி கத்தினாள்: "அடுத்த வீட்டுல பாலை வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாங்க!"

"காத்திருக்கட்டும்!"

வாய்க்கால் ஓரக் கறுப்புப் பட்டைக்கு முப்பதடி இருக்கும்போது நின்றாள். ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கால்விரல்கள் மரத்துப்போயின. போகலாமா என்று ஒருமுறை தோன்றியது. போகவில்லை. கால் மணி நேரம் ஆனபிறகு ஒரு மண்கட்டி நகர்ந்தது. கொண்டை தெரிந்தது. பிறகு அது வட்டச் சிறகை விரித்து, கறுப்பும் வெள்ளையுமாக, காற்றில் தள்ளாடிக்கொண்டே எழும்பி, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது.

ரைலி திரும்பிப் பார்த்தாள். ஹெல்வி ஏப்ரனோடு, ரப்பர் காலணியில், தத்தித் தத்தி அவள் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் ஹெல்வி மூச்சு வாங்கிக்கொண்டு. "கொண்டை இருக்கு."

அதில் எந்தச் சாதனையும் இல்லை. மார்ச் பதினேழு, சாதாரணத் தேதி. ரைலி ஈரக் கையோடு ஏட்டை எடுத்தாள். 'ஆள்காட்டி, ஒன்று. வாய்க்கால் ஓரம். பார்த்தது: ரைலி மந்திலா, ஹெல்வி புக்கிலா.' ஹெல்வி எட்டிப் பார்த்துத் தன் பெயரைப் படித்தாள்.

"அப்ப என் கொக்கு?"

"கொக்கு கெடையாது."

"சண்டாளி" என்றாள் ஹெல்வி. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, புதைந்து புதைந்து, டேங்கரை நோக்கி நடந்தார்கள்.